ஜூலை 8: மதுரையின் நாட்காட்டியில் ஒரு நாள்



நாம் இன்று நினைவுகூரும் ஆசிரியரின் வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தச் சுவர்க் காலண்டர் நினைவிருக்கும். தெருமுனை மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர்தான். ராகுகாலம், எமகண்டம், முகூர்த்தம், பிரதோஷம், கிருத்திகை எல்லாம் அச்சில் இருக்கும். அவற்றுக்குக் கீழே மிஞ்சுகிற சின்ன வெள்ளை இடத்தில் அவர் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். ஒரு நாற்பது பக்க நோட்டைப் பார்த்துப் பார்த்துப் புதுக் காலண்டரில் எழுதுவது அவருடைய ஜனவரி மாத வேலை. ஏப்ரல் 14, டிசம்பர் 6 ஆகிய நாள்களை அவர் எழுதவே மாட்டார். "அதை மறந்தவனுக்கு என் பென்சில் என்ன உதவி செய்யும்?" என்பார். ஜூன் 30 தாளில் மேலவளவு இருக்கும். ஜூலை 7-இல் ரெட்டைமலை சீனிவாசன் பிறந்தநாள். அதற்கு அடுத்த தாளில், ஜூலை 8-இல், நான்கே சொற்கள்: மதுரை, ஐவர், பெயர் கேள்.

அந்த நான்கு சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நம் பேச்சுப் போட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துபோன ஒரு நாள் அது. ஆலயப் பிரவேசம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்த ஒரு நாளுக்குள் நாற்பது ஆண்டுக் கால வழக்குமன்றம் இருக்கிறது, சட்டசபை இருக்கிறது, நம்மவர்களுக்குள்ளேயே நடந்த ஒரு பெரிய விவாதமும் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8, சனிக்கிழமை. காலையில் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் ஒரு சிறு குழு நுழைந்தது. பி. கக்கன், சுவாமி முருகானந்தம், வி. எஸ். சின்னையா, வி. ஆர். பூவலிங்கம், முத்து ஆகிய ஐவரும் தலித்துகள். விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடார் ஆறாமவர். வழக்கறிஞரும் காங்கிரஸ் தலைவருமான அ. வைத்தியநாத அய்யர் தம் நண்பர்களோடு உடன் வந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு இதற்கு இசைந்திருந்தார். அவர்கள் உள்ளே போனார்கள், வழிபட்டார்கள், வெளியே வந்தார்கள்.

எதிர்ப்பு பிறகுதான் வந்தது. பட்டர்களில் ஒரு பகுதியினர், கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, பரிகாரம் செய்யாமல் பூசை செய்ய மாட்டோம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். நிர்வாக அதிகாரி பூட்டைத் திறக்க வைத்தார். வேலைக்கு வராத பட்டர்கள்மீது நடவடிக்கை எடுத்தார். சனாதனிகள் விடவில்லை. கோயிலை விட்டு மீனாட்சி வெளியேறிவிட்டாள் என்று சொல்லி, நகரத்துக்குள்ளேயே வேறோர் இடத்தில் தங்களுக்கென்று ஒரு மீனாட்சியை வைத்து வழிபட்டார்கள். சில ஆண்டுகள் மதுரையில் இரண்டு மீனாட்சிகள் இருந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. தலித் தொட்ட தெருவை விட்டு ஊர்க்காரர்கள் வேறு தெருவில் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தெய்வத்தையே வேறு தெருவுக்குக் குடிமாற்றிய கதை இது.

ஏழெட்டுப் பேர் கோயிலுக்குள் போய்விட்டு வந்ததற்கு ஒரு மாகாண அரசாங்கம் அதே மாதத்தில் அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அது முழுச் சட்டமாகவும் ஆயிற்று. ஏன்? இதை மாணவ நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கோயிலுக்குள் நுழைவதைத் தடுத்தது வழக்கம் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழக்கத்துக்குப் பின்னால் வெள்ளைக்காரனின் நீதிமன்றம் நின்றது. 1897-இல் கமுதியில் நாடார்கள் சிலர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கமுதிக் கோயிலும் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் சமஸ்தானத்தின் அரசர் வழக்குப் போட்டார். மதுரை சார்பு நீதிமன்றம் 1899-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1908-இல் அதையே மீண்டும் சொன்னது. ஒரு சாதியாரைக் கோயிலிலிருந்து விலக்கி வைப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தால், அந்த வழக்கத்தை நீதிமன்றம் நிலைநாட்டும் என்பது அதன் சாரம். நாட்டிலேயே உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, கீழே இருக்கிற எந்த அறங்காவலரும் தம் விருப்பத்துக்குக் கதவைத் திறந்துவிட முடியாது. திறந்தால் வழிபடுகிறவர்களில் எவரும் அவர்மீது வழக்குப் போடலாம், பரிகாரச் செலவைக் கேட்கலாம்.

இது உரிமையியல் பக்கம். குற்றவியல் பக்கமும் ஒன்று உண்டு. வழிபாட்டிடத்தை அசுத்தப்படுத்துவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஆவது பிரிவு குற்றமாக்கியிருந்தது. அது எழுதப்பட்ட நோக்கம் வேறு. ஆனால் தலித் ஒருவர் உள்ளே காலடி வைப்பதே அசுத்தம் என்று வாதிட அந்தப் பிரிவு வசதியாக இருந்தது. 1920-களில் திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூர்க் கோயிலுக்குள் பக்தி மேலீட்டால் நுழைந்துவிட்ட மாலா சாதியார் ஒருவர் இப்படித்தான் தண்டிக்கப்பட்டார். ஒத்துழையாமைக்காக நீதிமன்றத்தை விட்டு விலகியிருந்த ராஜாஜி அவருக்காக மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். ஆக, 1939-இல் பிரதமராக இருந்த ராஜாஜிக்கு (அன்று மாகாண முதலமைச்சருக்குப் பிரதமர் என்றே பெயர்) இந்தச் சட்டச் சிக்கல் ஏட்டிலே படித்த விஷயமாக இருக்கவில்லை.

அதனால்தான் 1939-இன் சட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது: கோயில் நுழைவு அனுமதி மற்றும் பொறுப்புவிலக்குச் சட்டம். பொறுப்புவிலக்கு என்றால், நடந்து முடிந்த ஒரு செயலுக்காக இனி யார்மீதும் வழக்குத் தொடர முடியாது என்று அரசு காப்புக் கொடுப்பது. போர்க்காலத்தில் அதிகாரிகள் செய்தவற்றுக்கு இப்படிக் காப்புக் கொடுப்பார்கள். இங்கே காப்பு யாருக்கு? கதவைத் திறந்த அறங்காவலருக்கும் அதிகாரிகளுக்கும். இனிமேல் திறப்பதற்கு வழி என்ன? வழிபடுவோரிடையே பொதுவாக எதிர்ப்பில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம். இந்த வாக்கியத்தில் நம் ஆசிரியரைப் போல எழுவாய், செயப்படுபொருள் பார்க்க வேண்டும். கருதுகிறவர் அறங்காவலர். எதிர்க்காமல் இருக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிற வழிபடுவோர். ஒப்புகிறது அரசு. நுழைகிறவருக்கு அந்த வாக்கியத்தில் வினையே கிடையாது.

இதைச் சொல்வதால் அந்தச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். அன்றைய நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு நடுவே அது இல்லாமல் ஜூலை 8 நிலைத்திருக்காது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் போர்ப் பிரச்சினையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிவிட்டது. மூன்று மாதம் தள்ளிப் போயிருந்தால் காப்புக் கொடுக்க ஆளில்லை. ஆனால் சட்டம் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம் என்பதை மறைக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே எம். சி. ராஜா அப்படி ஒன்றைக் கேட்டார்.

எம். சி. ராஜாவின் பெயரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1938-இல் சென்னை சட்டசபையில் அவருடைய முயற்சியில் ஒரு சட்டம் நிறைவேறியது. பொதுக் கிணறு, பொதுச் சாலை, பொதுப் போக்குவரத்து, அரசு வேலை போன்றவற்றில் நமக்கு இருந்த தடைகளை நீக்கும் சட்டம் அது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1924-இல், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் நாமும் பயன்படுத்தலாம் என்று ரெட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சி என்று அதைச் சொல்லலாம். அதே 1938-இல் கோயில் நுழைவுக்கும் ராஜா ஒரு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு அதை ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம் போட்டுக்கொள்வோம், படிப்படியாகப் போவோம் என்றது. ராஜாவின் மசோதா தோற்றது. பூனா ஒப்பந்தத்தின்போது காங்கிரஸ் பக்கம் நின்ற மனிதர் அவர். அந்தத் தோல்வி அவரை எவ்வளவு கசப்படைய வைத்தது என்பது பின்னாளில் அவர் அம்பேத்கரை நோக்கி நகர்ந்ததில் தெரிகிறது. ஜூலை 8-ஐப் பற்றிப் பேசும் மேடைகளில் ராஜாவின் மசோதாவைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டதில்லை. நம்மவர் கேட்ட சட்டம் தோற்று, ஓராண்டு கழித்து நமக்காகப் போட்ட சட்டம் வென்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இன்றுவரை நம் அரசியலின் தலைவலி.

இனி அம்பேத்கர். மாணவ நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அண்ணல் கோயில் நுழைவை எதிர்த்தார் அல்லவா, நாம் ஏன் அதைக் கொண்டாட வேண்டும்? விஷயம் அவ்வளவு எளிதில்லை. 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் முன்னால் போராட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். அது ஆண்டுக்கணக்கில் நடந்தது, கதவு திறக்கவில்லை. 1933 பிப்ரவரியில் ரங்க அய்யரின் கோயில் நுழைவு மசோதாவைப் பற்றி அவர் வெளியிட்ட அறிக்கையில் நிலைப்பாடு மாறிவிட்டது. தீண்டாமையைப் பாவம் என்றுகூடச் சொல்லாத, பெரும்பான்மையின் விருப்பத்தைப் பொறுத்துக் கதவைத் திறக்கும் மசோதாவைத் தம்மால் ஆதரிக்க முடியாது என்றார். கல்வி, வேலை, பொருளாதார உயர்வு இவைதான் முதலில் என்றார். கோயில் நுழைவு எதன் தொடக்கம், சாதி ஒழிப்பில் போய் முடியுமா என்று திருப்பிக் கேட்டார். 1935 அக்டோபரில் இயோலாவில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அதற்கும் அடுத்ததாக மதுரை.

இந்த வரிசையை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கோயில் கதவுகள் வேகமாகத் திறக்கத் தொடங்கியது நாம் கதவைத் தட்டியபோது இல்லை. வேறு வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான். வைத்தியநாத அய்யரின் உண்மையான உழைப்பையும் துணிச்சலையும் நான் சந்தேகிக்கவில்லை. தம் சாதியாரே அவரைத் தள்ளிவைத்தார்கள், வசைபாடினார்கள். தனிமனிதரின் நேர்மை ஒரு கேள்வி. அந்தக் காலக்கட்டத்தின் அழுத்தம் வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறபோதுதான் நாள் முழுவதும் ஒரே ஒருவருடைய பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது.

எழுவாய் பற்றிச் சொன்னேன். நம் ஆசிரியர் தமிழாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது அவர் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்: "வைத்தியநாத அய்யர் ஐந்து ஹரிஜனங்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்." எழுவாய் எது? அய்யர். செயப்படுபொருள் எது? ஐந்து ஹரிஜனங்கள். பிறகு அழித்துவிட்டு வேறொன்று எழுதுவார்: "கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகியோர் கோயிலுக்குள் நுழைந்தனர்." இப்போது எழுவாய் யார் என்று கேட்பார். செய்தி ஒன்றுதான், பொய் எதுவும் இல்லை. எழுவாய் மாறியதும் கேள்விகள் மாறிவிடுகின்றன. முதல் வாக்கியத்தைப் படித்தால், அய்யர் ஏன் அழைத்துச் சென்றார் என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதைப் படித்தால், முந்தின இரவு முத்து தூங்கினாரா என்று கேட்கத் தோன்றும். அடி விழுந்தால் யார்மீது விழுந்திருக்கும்? ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேரியில் குடியிருக்க வேண்டியவர்கள் யார்? அவசரச் சட்டம் அதிகாரிகளுக்குக் காப்புக் கொடுத்தது. ஊர்ப் பண்ணையாரிடமிருந்து முத்துவுக்குக் காப்புக் கொடுக்கிற பிரிவு அதில் எங்கே இருக்கிறது?

அந்தப் பட்டியலில் முத்துவுக்கு முன்னெழுத்துகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ எழுத்தாவது இருக்கிறது, ஒருவருக்குச் சுவாமி என்ற பட்டம் இருக்கிறது. முத்து வெறும் முத்து. கக்கனைத் தவிர மற்றவர்கள் அந்தக் காலைப் பொழுதுக்குப் பிறகு பொது வரலாற்றில் ஏறக்குறைய மறைந்துபோகிறார்கள்.

கக்கன் மறையவில்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18-இல் பிறந்தவர். அவருடைய அப்பா ஊர்க் கோயிலில் பூசாரி. ஊரார் பூசாரிக் கக்கன் என்றே அழைத்தார்கள். தகப்பன் தன் ஊரில் தெய்வத்துக்குப் பூசை செய்கிறவர், மகனுக்குச் சில கல் தொலைவிலுள்ள நகரத்துக் கோயிலின் வாசலைத் தாண்டத் தடை. நம் ஆள்கள் பூசை செய்தால் அது சிறுதெய்வம், வாசலில் நிறுத்தினால் அது பெருந்தெய்வம். சமயத்துக்குள் இருக்கும் சாதியை விளக்க எனக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

ஹரிஜன சேவை விடுதிப் பணிகளில் வைத்தியநாத அய்யரோடு நெருங்கிப் பழகி, சிறைக்கும் போய் வந்தவர் கக்கன். 1952-இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1957-க்குப் பிறகு காமராசர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை எனப் பல துறைகளைப் பார்த்தார். 1967 தேர்தலில் தோற்றார். 1981 டிசம்பர் 23-இல் இறந்தார்.

அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்றுதான். மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்த முன்னாள் அமைச்சரை எம்.ஜி.ஆர். பார்த்துக் கண்கலங்கிய கதை. அந்தக் கதை உண்மை. ஆனால் அந்த ஒரு கதைக்குள் அவரை அடக்கிவிட்டார்கள். எளிமை, எளிமை, எளிமை! மற்ற சாதித் தலைவர் என்றால் அணை கட்டினார், ஆலை கொண்டுவந்தார், ஆட்சியை நடத்தினார் என்று பேசுகிறவர்கள், தலித் தலைவர் என்று வந்ததும் அவர் எதுவும் சேர்க்காமல் செத்துப்போனார் என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். நம்மிடம் அவர்களுக்குப் பிடித்தது நம் வறுமைதான் போலும். உள்துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அவர். 1965-இல் இந்தி எதிர்ப்பு மாணவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது அந்தப் பொறுப்பில் இருந்தவரும் அவரே. அதற்காக அவரை விமர்சிக்க வேண்டுமானால் விமர்சிப்போம். அதிகாரத்தில் இருந்த ஒருவராக எடைபோடப்படும் உரிமைகூட அவருக்கு வேண்டும். முப்பத்தொரு வயதில் அந்தக் கோயில் வாசலைத் தாண்டிய கால்களை, எழுபத்து மூன்று வயதில் பொது வார்டுக் கட்டிலில் கிடந்த கால்களாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்துக்குத் திரும்புவோம். 1947-இல் புதிய கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. இந்துக்களில் எந்தப் பிரிவினரும் நுழையலாம் என்பது மாகாணம் முழுவதற்கும் பொதுவாயிற்று. தலித்துகளுக்குத் திறக்கும்வரை மீனாட்சி கோயிலுக்குள் போவதில்லை என்றிருந்த காந்தி 1946-இல் அங்கே வழிபட்டுவிட்டுப் போயிருந்தார். 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கோயிலுக்குள் போகிறவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். 1939 ஜூலைக்கு முன்பு நுழைவது குற்றமாகக் கருதப்பட்டது. 1939-இல் நுழைய விட்டவர்கள் மன்னிக்கப்பட்டார்கள். 1955-இல் தடுப்பது குற்றமாயிற்று. ஒரே வாசல், ஒரே கால், பதினாறு ஆண்டுகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் மாறிவிட்டார். சட்ட மாணவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பதினாறு ஆண்டுகளை மட்டும் எடுத்து ஓர் ஆய்வு செய்யலாம்.

ஆனால் கூண்டில் ஆள் மாறியது ஏட்டில். மதுரை நகரத்தின் நான்கு மாசி வீதிகளைத் தாண்டிக் கிராமத்துப் பக்கம் போனால் நிலைமை வேறு. கக்கன் பிறந்த அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-இல், மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் அவரோடு வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் மூவர் 2008-இலும், மேலும் பதின்மூன்று பேர் 2019-இலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். காலண்டரில் ஜூன் 30-க்கும் ஜூலை 8-க்கும் இடையில் எட்டு நாள்தான். வரலாற்றில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள். முதல் நிகழ்வில் கோயில் வாசல், இரண்டாவதில் ஊராட்சி அலுவலகத்து நாற்காலி. கோயிலுக்குள் விட்டவர்கள் நாற்காலியில் உட்கார விடவில்லை. இந்த இடத்தில்தான் 1933-இல் அம்பேத்கர் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை உங்களுக்குத் தெரியும். ஒதுக்கீட்டை ஏற்க மறுத்துப் பத்து ஆண்டுகள் தேர்தலையே ஒழுங்காக நடத்த விடாமல் வைத்திருந்தார்கள். 2006-இல்தான் நிலைமை மாறியது. உத்தப்புரத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-இல் இடிக்கப்பட்டது. அதே ஊரின் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் காவல் துறையின் பாதுகாப்போடு நுழைந்தது 2011 நவம்பரில். மீனாட்சி கோயிலுக்கும் முத்தாலம்மன் கோயிலுக்கும் இடையில் எழுபத்திரண்டு ஆண்டு. இரண்டும் ஒரே மாவட்டம்.

பெருங்கோயில்கள் திறந்ததற்கும் ஊர்க் கோயில்கள் திறக்காததற்கும் காரணம் உண்டு. பெருங்கோயில் அரசின் கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் யார் எந்தச் சாதி என்று யாருக்கும் தெரியாது. டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம். ஊர்க் கோயிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே கோயில் என்பது சாமி மட்டும் இல்லை. முதல் மரியாதை, தேர் வடம், வரி, பங்கு, ஊர்க்கூட்டம், நிலம், கண்மாய்த் தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. ஊர்க் கோயிலுக்குள் நுழைகிறவர் ஊருக்குள் நுழைகிறார். அதனால்தான் ஜூலை 8-ஐப் பெருங்கோயிலின் கதையாக மட்டும் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

பெருங்கோயிலிலும் வேலை முடிந்துவிடவில்லை. 1939-இல் ஐவரும் சாமி முன்னால் நின்று கும்பிட்டார்கள். சாமியைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை வேறு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970-இல் கலைஞர் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வாரிசு உரிமை ஒழிந்ததை ஏற்ற உச்ச நீதிமன்றம் 1972-இல் ஆகமத்தைக் காட்டி மறுபக்கம் தடுத்தது. 2006-இல் மீண்டும் முயற்சி, பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்கு. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்றவர்களில் சிலருக்குப் பணி ஆணை கிடைத்தது. வாசலிலிருந்து கருவறைப் படி வரைக்கும் சில பத்து அடி தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க எண்பது ஆண்டுகள் போதவில்லை. பூசாரிக் கக்கனின் மகன் கருவறைக்கு வெளியே நின்று கும்பிட்டதை இந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பெயர் கேள் என்ற அந்தக் கட்டளைக்கு வருகிறேன். நம் ஆசிரியர் முடிக்காமல் விட்டுப்போன வேலை அது. எங்கே தேடலாம் என்று மட்டும் சொல்கிறேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1938, 1939 சட்டசபை நடவடிக்கைகளும் அரசாணைகளும் இருக்கின்றன. எம். சி. ராஜாவின் மசோதா விவாதத்தை முதலில் படியுங்கள், பிறகு 1939 விவாதத்தைப் படியுங்கள். ஓராண்டில் யார் யார் தம் வாதத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சுதேசமித்திரன், தினமணி, விடுதலை, குடிஅரசு இவற்றில் 1939 ஜூலை இதழ்கள் எவை கிடைத்தாலும், ஐவரின் பெயரை யார் அச்சிட்டார்கள், யார் ஹரிஜனங்கள் என்று மட்டும் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் போடலாம்.

ஏட்டில் கிடைக்காதது ஊரில் கிடைக்கும். மதுரையைச் சுற்றியுள்ள சேரிகளில் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது கேள்வித்தாளை நீட்டாதீர்கள். தாத்தா, உங்கள் அப்பா காலத்தில் மதுரைக் கோயிலுக்கு முதலில் போனது யார் என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். ஐவரும் ஆண்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்போது, யாரோடு அந்தக் கோயிலுக்குள் முதன்முதலாகப் போனார்கள் என்பதை எந்த ஏடும் எழுதவில்லை. அடுத்த ஜூலை 8-க்குள் முத்துவின் முன்னெழுத்தையாவது யாராவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், அதை இந்த மேடையிலேயே படிக்கலாம்.